பெட்டி புதிது, எர்த் எத்தனை ஓம்?

கடந்த மாரியில் தாராபுரத்தில் எங்கள் வீட்டின் பழைய மெயின் பெட்டியைக் கழற்றிப் புதியது பூட்டினோம். காசு அனுப்பியவர் லண்டனில் இருக்கும் சாச்சா. வேலை முடிந்ததும் படம் அனுப்பினேன். உடனே கோல் எடுத்தார்.

"பெட்டி வடிவா இருக்கு மகன். சேர்ட்டிபிக்கேட் எங்க?"

என்னிடம் இருந்தது கடைச் சிட்டை மட்டும்தான்.

இங்கிலாந்தில் 2005 முதல், வீட்டின் மின் பெட்டியை மாற்றுவது கட்டட விதிகளின் கீழ் அறிவித்துச் செய்ய வேண்டிய வேலை. செய்தவர் தான் அளந்த பெறுமானங்களை எழுதி, கையொப்பமிட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இலங்கையில் வயரிங் வேலைக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுவதும் பி.எஸ். 7671 என்ற அதே பிரித்தானிய விதிதான். இங்கும் புதிய மின் இணைப்பு எடுக்கும்போது வயரிங் சோதனை அறிக்கை கேட்பார்கள். ஆனால் பத்து வருடம் கழித்துப் பெட்டியை மாற்றும்போது யாரும் வாசலுக்கு வந்து கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை.

எங்கள் வீடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் சனம் வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கியது. போர் முடிந்து திரும்பியவர்கள் வீட்டை ஒரே மூச்சில் கட்டவில்லை. முதலில் ஒரு அறை, ஒரு பல்ப். பிறகு குசினி. பிறகு பிரிட்ஜ், கிணற்று மோட்டர். ஒவ்வொன்றும் வேறு வேறு காசில், வேறு வேறு கையால் வயரிங் செய்யப்பட்டது. வன்னியில் மீள்குடியேறியவர்களிடம் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். அந்தக் கைகள் எல்லாம் வந்து சேரும் இடம் மெயின் பெட்டி.

எங்கள் பழைய பெட்டியில் மெயின் சுவிட்சும் பியூஸ் கட்டைகளும் மட்டுமே இருந்தன. ட்ரிப் சுவிட்ச் இல்லை. "எர்த் கம்பி இருக்குத்தானே" என்பதே எல்லோருடைய ஆறுதலும். அந்த ஆறுதலைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் எர்த் என்பது அவரவர் வளவில் அடித்த கம்பி. அந்தக் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலான தடை 50 ஓம் என்று வையுங்கள். மணலில் அது நல்ல அளவு. பிரிட்ஜின் உடம்பில் மின்சாரம் கசிந்தால், 230 வோல்ட்டை 50 ஆல் வகுக்க, எர்த் வழியே போவது 4.6 அம்பியர். 30 அம்பியர் பியூஸுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அது உருகாது. பிரிட்ஜ் உயிருள்ள கம்பியாகவே நிற்கும், யாராவது ஈரக் கையோடு தொடும் வரை.

மணலூரில் உயிரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச், அதாவது ஆர்.சி.சி.பி. வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி அம்பியரைத் தொடுவதற்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். வாங்கும்போது அதில் 30 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்று இருப்பவை ஆளைக் காப்பாற்றுவதற்கானவை அல்ல. ஒன்றையும் மறக்கக்கூடாது: இரண்டு வயரையும் ஒரே நேரத்தில் பிடித்தவரை இதுவும் காப்பாற்றாது.

புதிய பெட்டி பூட்டிய இரவே மழை. ட்ரிப் விழுந்தது. தூக்கினால் மறுபடி விழுந்தது. பூட்டியவரைக் கூப்பிட்டோம். "சுவிட்ச் பிழை, டிரெக்ட் அடிச்சு விடுறன்" என்றார். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயரைக் கொடுத்துவிடுவதுதான் அந்த டிரெக்ட். எத்தனை வீடுகளில் இப்படி நடந்திருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

பக்கத்துத் தெரு வயரிங் நானா மறுநாள் மெகரோடு வந்தார். ஒவ்வொரு லைனாகக் கழற்றி 500 வோல்ட்டில் சோதித்தார். குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும். கிணற்று மோட்டர் லைன் அதற்குக் கிட்டவும் வரவில்லை. மணலுக்குள் டேப் சுற்றிப் புதைத்த ஒரு ஜொயின்ட். எப்போது, யார் போட்டது என்று தெரியாது. உம்மா அப்போதுதான் சொன்னார்: "மோட்டரைத் தொட்டா சுள்ளெண்டும். மழைக்குத்தான் எண்டு நினைச்சன்."

சுவிட்சில் பிழை இல்லை. வருடக்கணக்காகக் கசிந்துகொண்டிருந்ததை அது ஒரே இரவில் காட்டிக்கொடுத்தது.

பிறகு எர்த்தை அளந்தார். மழை ஈரத்திலேயே 340 ஓம். கணக்குப்படி 30 மில்லி அம்பியர் ட்ரிப்புக்கு 1,667 ஓம் வரை தாங்கும். ஆனால் 200க்கு மேல் போனால் மணல் காயக் காய அது எங்கே போய் நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது. கம்பியைப் பூட்டிய கிளாம்ப் உப்புக் காற்றில் பச்சை பிடித்திருந்தது. அதை மாற்றி, ஈரமணல் எட்டும் ஆழத்துக்கு இரண்டாவது கம்பியைச் சற்றுத் தள்ளி அடித்த பிறகு 90 ஓம் வந்தது. ட்ரிப்பில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமத்துங்கள். ஆனால் அது எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

நானாவிடம் ஒரு தாள் கேட்டேன். சிரித்தார், இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம். ஒவ்வொரு லைனின் மெகர் அளவு, எர்த் ஓம், ட்ரிப் எத்தனை மில்லி செக்கனில் விழுந்தது, எந்த எம்.சி.பி. எந்த வயருக்கு, திகதி, கையொப்பம், அவருடைய என்.வி.கியூ. இலக்கம். எம்.சி.பி.யை வயரின் தடிப்புக்குத்தான் போட வேண்டும். அடிக்கடி விழுகிறதென்று 20க்குப் பதில் 32 போட்டால், உருகுவது சுவருக்குள் இருக்கும் வயர். என்.வி.கியூ. இல்லாமல் கை அனுபவத்தில் வேலை செய்பவர்களும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் அந்தச் சான்றிதழைப் பெறலாம். நானாவும் அப்படித்தான் எடுத்தார்.

மின்மானிப் பக்கத்து சீலை யாரும் உடைக்கக்கூடாது. அங்கே மின்சாரத்தை நிறுத்த வேண்டுமென்றால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குத்தான் சொல்ல வேண்டும். 1987 இலக்கம் போதும். 2022இல் 13 மணிநேரம் வரை கரண்ட் போன நாட்களில் ஜெனரேட்டர் வாங்கியவர்கள், பெட்டி மாற்றும்போதே சேஞ்ஓவர் சுவிட்சும் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் பிளக்கில் சொருகினால், உங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் தெருக்கம்பிக்கு ஏறும். கரண்ட் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் அங்கே இருப்பார்.

தாளைப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிப் படமெடுத்துச் சாச்சாவுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறது. அது ஓகஸ்டில், மணல் காய்ந்திருக்கும்போது நானா மறுபடி வந்து அளக்கப்போகும் எர்த்துக்கு.