பூட்டிய பள்ளிக்கூடமும் புதிதாய் முளைத்த பள்ளிக்கூடமும்

பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் தேடும் படலம் ஒருவழியாக முடிந்தது. இங்கே வர்ஜீனியாவில் நம்மூர்க்காரங்க நாலு பேர் கூடினால், பேச்சு வீட்டு விலையில் ஆரம்பித்து ஸ்கூல் ரேட்டிங்கில்தான் போய் நிற்கும். நண்பர் ஒருத்தர் சொன்னார்: "அந்த பப்ளிக் ஸ்கூல் வேணாம் பாஸ், கூட்டம் சரியில்ல. பக்கத்துல ஒரு பிரைவேட் இருக்கு, அங்க போடுங்க." கூட்டம்னு அவர் எதைச் சொன்னார் என்று எனக்கும் புரிந்தது. ரெண்டு பேரும் அதுக்கு மேல பேசிக்கலை.

அந்தத் தனியார் பள்ளியைப் போய்ப் பார்த்தேன். சுவரில் வரிசையாக வகுப்புப் படங்கள், பெரும்பாலும் வெள்ளை முகங்கள். ரெண்டு மைல் தள்ளி இருக்கிற அரசுப் பள்ளியிலோ பாதிக்கு மேல் கறுப்பினப் பிள்ளைகள். ஃபீஸ் கட்ட முடிஞ்சவன் இங்கே, முடியாதவன் அங்கே, அவ்வளவுதானே என்று நினைத்தபடி வெளியே வந்தேன். வாசல் பலகையில் 'தொடக்கம் 1969' என்று இருந்தது. அமெரிக்கத் தெற்கில் 1960களின் பிற்பாதியிலும் 70களின் தொடக்கத்திலும் இப்படி நூற்றுக்கணக்கான பள்ளிகள் முளைத்தன. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கல்வி ஆர்வம் பொங்கிவிட்டதா என்ன?

இதற்குப் பதில் தெரியணும்னா ஃபார்ம்வில் என்ற சின்ன ஊருக்குப் போகணும். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் தலைநகர் அது. கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப்பள்ளி அங்கே இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. 180 பேருக்காக 1939ல் கட்டிய கட்டடம். 1951ல் அதில் படித்தவர்கள் 450 பேருக்கும் மேல். இடம் போதாமல் தார் அட்டை அடித்த கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கு அந்தக் கதி இல்லை.

1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயசுப் பொண்ணும் அவள் கூட்டாளிகளும் ஒரு பொய் போன் போட்டுத் தலைமையாசிரியரை வெளியே அனுப்பிவிட்டார்கள். மாணவர்களை அரங்கத்தில் கூட்டி ஸ்டிரைக் அறிவித்தாள் பார்பரா. கேட்டது நல்ல கட்டடம் மட்டும்தான். வந்த வக்கீல்கள், "தனிப் பள்ளியே கூடாது என்று கேஸ் போடுவதானால் வருகிறோம்" என்றார்கள். போட்டார்கள். 1954ல் தீர்ப்பான புகழ்பெற்ற பிரவுன் வழக்கில் சேர்ந்திருந்த ஐந்து வழக்குகளில் இது ஒன்று. மற்ற நான்கையும்விட வாதிகள் அதிகம் இருந்ததும் இதில்தான்.

சேர்த்துப் படிக்கவைக்கச் சொல்லி நீதிமன்றம் நெருக்கியபோது, 1959ல் கவுண்டி நிர்வாகம் செய்ததுதான் உச்சம். பள்ளிகளுக்கு ஒரு டாலர்கூட ஒதுக்க மாட்டோம் என்றது. அத்தனை அரசுப் பள்ளிகளுக்கும் பூட்டு. அதே செப்டம்பரில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்ற தனியார் பள்ளி திறந்தது. சர்ச்சுகளில் வகுப்பு, பூட்டிய பள்ளியின் அதே வாத்தியார்கள்.

ஒரு நாளில் சுமார் 1,500 வெள்ளைப் பிள்ளைகள் பிரைவேட், சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகள் தெருவில்.

1960ல் அந்தத் 'தனியார்' பள்ளிக்குப் பொதுப் பணமும் வந்தது. பெற்றோருக்குக் கட்டண மானியம், நன்கொடை கொடுத்தவர்களுக்குச் சொத்து வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி. மானிய விதியில் நிறம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, எந்தப் பிள்ளையும் வாங்கலாம். ஆனால் கவுண்டிக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர இருந்த பள்ளி வெள்ளையருக்கு மட்டும்! 1961ல் நீதிமன்றம் இதற்குத் தடை போட்டது.

உங்களுக்கும் ஒரு பிரைவேட் ஸ்கூல் ஆரம்பிச்சுத் தர்றோம் என்று வெள்ளைக்காரப் பிரமுகர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கறுப்பினப் பெற்றோர் மறுத்துவிட்டார்கள். ஏற்றுக்கொண்டால் கேஸ் செத்துவிடும். வழக்கை முன்நின்று நடத்தியவர் கிரிஃபின் என்ற பாதிரியார். அவர் பிள்ளைகளும் பள்ளி இழந்தவர்களில் அடக்கம். பெற்ற பிள்ளையின் படிப்பைப் பணயம் வைத்து ஒரு கொள்கையைக் காப்பாற்றுவது... நானாக இருந்தால் செய்திருப்பேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்து வருஷம். சிலர் பக்கத்துக் கவுண்டியில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். சில பிள்ளைகளை க்வேக்கர்கள் வேறு மாநிலக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். நிறையப் பேர் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. 1963ல் ராபர்ட் கென்னடி ஒரு கூட்டத்தில், உலகத்தில் இலவச அரசுக் கல்வி இல்லாத இடங்கள் என்று சீனா, சிங்கப்பூர் என ஒரு பட்டியல் சொல்லி, கடைசியில் பிரின்ஸ் எட்வர்டையும் சேர்த்தார். (சிங்கப்பூர் பதிவர்கள் சண்டைக்கு வராதீங்க, பட்டியல் அவரோடது.)

1964 மே மாதம் உச்ச நீதிமன்றம் பூட்டைத் திறக்கவைத்தது. திறந்த அரசுப் பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். மற்றவர்கள் அகாடமியிலேயே இருந்துவிட்டார்கள். நிறம் பார்த்துத் தனியார் பள்ளி மறுக்கக்கூடாது என்று 1976ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978ல் அகாடமிக்கு வரிவிலக்கு போனது. அப்படியும் முதல் கறுப்பின மாணவர்கள் உள்ளே வந்தது 1986ல்தான். அதன் பிறகு பெயரும் மாறிவிட்டது.

மற்ற ஊர்க்காரர்களில் பெரும்பாலானோர் தங்கள் பள்ளிகளைப் பூட்டவில்லை. நீதிமன்றம் கெடு வைத்த சமயம் பார்த்துப் பக்கத்தில் ஒன்று திறந்துகொண்டார்கள், அவ்வளவே.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். "அதெல்லாம் பழைய கதை பாஸ், இப்ப யார் வேணா சேரலாமே" என்றார். சேரலாம்தான். 1960ல் மானிய விதியிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

பொண்ணை அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். திங்கட்கிழமை காலை 7.10க்குத் தெருமுனையில் மஞ்சள் பஸ். வீட்டம்மாவுக்கு இன்னும் அரை மனசுதான்.