காயல் குதிரைகளும் எங்கள் தெரு ஹஸ்கியும்

துறைமுகம் உள்ள ஊருக்கு முத்து வாங்குபவன் வருவான், பாதிரியார் வருவார், படை வரும். கூடவே மிருகமும் வரும். நம் கரைக்குக் கடல் கடந்து வந்த மிருகங்களில் பெரிய கணக்கோடு ஏட்டில் ஏறியவை குதிரைகள். அவை வந்து இறங்கிய இடம் பழையகாயல். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பேருந்தில் ஏறினால் 20 கிலோமீட்டர் சுமாரில் அந்த ஊர் வந்துவிடும். தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, இன்று கடல் அந்த ஊரை விட்டு விலகிப் போய்விட்டது. 13ஆம் நூற்றாண்டில் அதுதான் பாண்டியர்களின் பெருந்துறை. மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் இதுதான் என்று அடையாளம் காட்டியவர், நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். மார்க்கோ போலோவின் பயணக் கதை 1298இல் ஜெனோவா சிறையில் அவர் சொல்லச் சொல்ல, ருஸ்திகெல்லோ என்பவர் எழுதியது. எழுதிய மொழி இத்தாலிய வாடை கலந்த பழைய பிரெஞ்சு. பள்ளியில் எங்களுக்குச் சில பக்கங்களைப் படித்துக் காட்டினார்கள். பின்னாளில் அரசு வேலையில் எழுத்தனாக இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோதுதான், படித்த ஊருக்குப் பக்கத்திலேயே குடியேறியிருக்கிறோம் என்று உறைத்தது.

மார்க்கோ போலோ சொல்வது இது. பாண்டிய அரசன் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான். அவனுடைய சகோதரர்கள் நால்வரும் அப்படியே வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை. காரணம், குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. லாடம் அடிப்பவனும் குதிரை வைத்தியனும் இல்லை. ஹோர்முஸ், ஏடன் பக்கத்து வணிகர்கள் குதிரையை மட்டும்தான் கொண்டுவருகிறார்கள். குதிரை தெரிந்த ஆளைக் கப்பலில் ஏற்றுவதில்லை. ஏற்றினால் குதிரை பிழைத்துவிடும், அடுத்த ஆண்டு வியாபாரம் படுத்துவிடும். இங்கே குதிரைக்குச் சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் போட்டார்கள் என்றும் எழுதுகிறார்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கைக் கூட்டியே தருகிறார். கைஸ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் தன் பொறுப்பில் ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்பினார். பாரசீக வளைகுடாத் துறைகள் எல்லாம் சேர்ந்து 10,000 வரை அனுப்பின. ஒரு குதிரை 220 பொன் தினார். வழியில் கடலிலேயே செத்தாலும் பாண்டியர் கருவூலம் பணம் கொடுத்துவிடும். அவர் எழுதியதில் என் மனதில் நின்றது இன்னொரு செய்தி. வந்து இறங்கிய குதிரையை நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிப் போடுவார்களாம், உடம்பு தேற வேண்டும் என்று. பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி ஓட்டுவார்களாம். கொஞ்ச நாளிலேயே நல்ல குதிரையும் சோர்ந்து, மந்தமாகி, உதவாமல் போய்விடும்.

இருவரும் வெளியூர்க்காரர்கள். அவர்கள் காதுக்கு எட்டியதும் விற்கிற பக்கத்துப் பேச்சுதான். ஆகவே எண்ணிக்கையில் கொஞ்சம் உப்பைக் குறைத்தே படிக்க வேண்டும். ஆனால் செய்தியின் சாரம் நம்பக்கூடியது. காசு கொடுத்து மிருகத்தை வாங்கினார்கள். அதை வளர்க்கும் அறிவை வாங்கவில்லை.

இந்தப் பழங்கதையை இப்போது எடுக்கக் காரணம், எங்கள் தெருவுக்கு வந்திருக்கும் ஒரு சைபீரியன் ஹஸ்கி. துறைமுகத்தில் வேலை பார்க்கும் எதிர் வீட்டுத் தம்பி, வடக்கே மாற்றலாகிப் போன ஒரு குடும்பத்திடமிருந்து அதை வாங்கி வந்தார். இரண்டு வயது ஆண் நாய். ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. பெயர் ராக்கி. பனிமய மாதா காவல் இருக்கும் ஊர்தான் இது. ஆனால் மாதாவின் பெயரில் இருக்கும் பனியை இங்கே எவரும் தரையில் பார்த்ததில்லை. ஆகஸ்ட் 5 திருவிழாவுக்குக் கூடுகிற கூட்டம் வியர்வையில்தான் நனைகிறது. அந்த ஊருக்கு இப்படி ஒரு நாய்.

முதலில் இந்த நாய் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆசியாவின் வடகிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள் வளர்த்த சறுக்குவண்டி நாய்களின் வழி வந்தது. லேசான பாரத்தை நடுத்தர வேகத்தில், குறைந்த தீனியில், வெகுதூரம் இழுப்பதற்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலாஸ்காவின் நோம் நகரத்துக்கு இந்த நாய்கள் வந்தன. உருவத்தில் சிறியவை என்பதால் அங்கே முதலில் சிரித்தார்கள். 1910இல் 408 மைல் பந்தயத்தில் சைபீரிய நாய்கள் பூட்டிய வண்டி முதலில் வந்தபிறகு சிரிப்பு நின்றது. ஆக, ஹஸ்கியே ஒரு முறை ஊர் மாறிப் பிழைத்த நாய்தான். ஆனால் குளிரிலிருந்து குளிருக்கு மாறியது.

அடுத்த ஊர் மாற்றம் பிரான்சில் நடந்தது. 1914–15 குளிர்காலத்தில் வோஸ் மலைப் போர்முனையில் பனி மூடி, கோவேறு கழுதைகளால் மேலே போக முடியவில்லை. காயம்பட்டவர்களை இறக்கவும் வழியில்லை. கேப்டன் லூயி முஃப்ளே, லெப்டினன்ட் ரெனே ஹாஸ் என்ற இரண்டு பிரெஞ்சு அதிகாரிகளை அரசு 1915இல் வட அமெரிக்காவுக்கு அனுப்பியது. இருவருக்கும் அலாஸ்கா பழக்கம் உண்டு. 400க்கும் மேற்பட்ட நாய்களை அலாஸ்காவிலும் கனடாவிலும் சேர்த்து, கியூபெக்கிலிருந்து கப்பலேற்றினார்கள். எல்லாம் இன்று நாம் சொல்லும் ஹஸ்கி இனம் அல்ல. பல கலப்பில் வந்த வடதேசத்து வண்டி நாய்கள்.

இங்கேதான் காயலுக்கும் வோஸுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. நாய்களோடு ஸ்காட்டி ஆலன் என்ற ஓட்டியையும் சேர்த்தே அழைத்தார்கள். நோம் பந்தயத்தில் மூன்று முறை வென்றவர் அவர். நாய்களைத் தேர்ந்தெடுத்தார், கப்பலில் கூடவே வந்தார், பிரான்சின் மலைப்படை வீரர்களுக்கு வண்டி ஓட்டப் பழக்கினார். நாய்களும் சேணமும் வண்டியும் தெரிந்த ஆளும் ஒன்றாக இறங்கியதால் அந்தப் படை வேலை செய்தது. பாண்டியன் துறைமுகத்தில் இறங்காமல் போன லாடக்காரன், லெ ஹாவ்ர் துறைமுகத்தில் இறங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். வண்டி நாயைக் கிளப்ப அலாஸ்காவில் "மஷ்" என்பார்கள். அது கனடாவின் பிரெஞ்சு வண்டிக்காரர்கள் சொன்ன "மார்ஷ்", அதாவது "நட" என்ற சொல்லின் சிதைவு. வலப்பக்கம் திரும்ப ஒரு சொல், இடப்பக்கம் திரும்ப ஒரு சொல். கடிவாளம் கிடையாது, குரல் மட்டும்தான். நம் ஊர் மாட்டு வண்டியில் இடத்து மாடு, வலத்து மாடு என்று இடம் மாற்றாமல் பூட்டுவதும், குரலிலேயே திருப்புவதும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.

பழக்குவதைப் பற்றிப் பேசும்போது டோகோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. நோர்வேயிலிருந்து அலாஸ்காவுக்குப் போன லெயோன்ஹார்ட் செப்பாலா வளர்த்த நாய் அது. குட்டியில் நோஞ்சான். எதற்கும் அடங்காது. தலைவலி விட்டது என்று வேறொரு வீட்டுக்குச் செல்லப் பிராணியாகக் கொடுத்துவிட்டார். அது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்து பழைய வீட்டுக்கே ஓடி வந்தது. வண்டிகளின் பின்னால் அவிழ்ந்து ஓடி மற்ற நாய்களைத் தொந்தரவு செய்தது. கடைசியில் எட்டு மாதக் குட்டிக்குச் சேணத்தைப் பூட்டினார் செப்பாலா. அடங்காத குட்டி அந்த நிமிடமே அடங்கியது. முதல் நாளே 75 மைல் ஓடியது. அதற்கு இல்லாமல் இருந்தது வேலை. 1925இல் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவி, 674 மைல் தூரம் கைமாற்றிக் கைமாற்றி மருந்து கொண்டுபோனபோது, 20 ஓட்டிகளும் 150 சுமார் நாய்களும் ஐந்தரை நாளில் அதை முடித்தார்கள். அதில் மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓடியது அப்போது 12 வயதான டோகோவின் வண்டிதான். கடைசிக் கட்டத்தை ஓடிய பால்டோவுக்கு நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். அது உலக வழக்கம்.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். ராக்கி வந்த முதல் வாரத்தில் சுற்றுச்சுவரைத் தாண்டி ஓடி, பின் தெருவில் ஒரு கோழியைக் கவ்வி, பஞ்சாயத்து ஆகிவிட்டது. அதன்பிறகு தம்பி அதைத் திண்ணைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டினார். அது பகலெல்லாம் மூச்சு வாங்கியது, ராத்திரியெல்லாம் ஊளையிட்டது. ஊளை சாவுக்குறி என்று தெருவில் பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "அண்ணாச்சி, கொஞ்ச நாள் கட்டிப் போட்டா பழகிரும்லா?" என்று தம்பி என்னிடம் கேட்டார். வஸ்ஸாஃப் எழுதிய நாற்பது நாள் கதையைச் சொன்னேன். "எழுநூறு வருசத்துக்கு முன்னாடியே இதே தப்பைச் செஞ்சிருக்காங்களா!" என்று சிரித்தார். மறுநாளே கால்நடை மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் சொன்னதும், தம்பி செய்ததும் இவை. மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது வெயில். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது; மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அந்த வழியும் பாதி அடைபடுகிறது. ஆகவே காலை நாலரை மணிக்கு நடை. சூரியன் ஏறுமுன் வீடு. சாயங்காலம் இருட்டிய பிறகுதான் மறுபடி. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, சுடாவிட்டால்தான் கூட்டிப்போவது. பகலில் குளிர்சாதனம் உள்ள அறை. அந்த மின் கட்டணத்தையும் நாயின் தீனிக் கணக்கிலேயே எழுத வேண்டும்.

இரண்டாவது முடி. வெயில் என்று மொட்டையடிக்கக் கூடாது. அந்த இரட்டை அடுக்கு ரோமம் வெயிலையும் தடுக்கிறது. சிரைத்தால் தோல் வெந்துபோகும், முடி ஒழுங்காக முளைக்காமலும் போகலாம். உள்முடி உதிரும்போது தினமும் சீவி எடுத்தால் போதும். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் அதிகம். அடர்ந்த ரோமத்துக்குள் உண்ணி ஒளிந்துகொள்ளும். விரலால் துழாவிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வேலை. டோகோ கதை இங்கேதான் உதவியது. கழுத்துப் பட்டையை நீக்கி மார்புப் பட்டை வாங்கினார் தம்பி. விடியற்காலையில் கடற்கரை மணலில் ஒரு பழைய சைக்கிள் டயரைக் கட்டி இழுக்க விடுகிறார். அரை மணி நேரம் இழுத்துவிட்டு வந்தால் பகலெல்லாம் தூக்கம். புழக்கடையில் ஒரு மணல் குழி, தினமும் நனைத்து வைப்பது; தோண்டுகிற ஆசை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

நான்காவது சொல். வீட்டில் ஒருவர் "கம்" என்றார், ஒருவர் "வாலே" என்றார், பாட்டி "இங்கிட்டு வா ராசா" என்றார். நாய் யார் பேச்சையும் கேட்கவில்லை. இப்போது எல்லோருக்கும் ஒரே சொல், "வா". வந்தால் ஒரு துண்டு கருவாடில்லாத மீன். வராவிட்டால் அடி கிடையாது, மீனும் கிடையாது.

ஆறு மாதம் ஆகிறது. ராக்கி இப்போது கூப்பிட்டால் வருகிறது, பத்துக்கு ஏழு முறை. கோழியைக் கண்டால் மட்டும் அந்த மூன்று முறையில் சேர்ந்துகொள்கிறது. கயிறில்லாமல் அதை எங்கும் விடுவதில்லை, இனியும் விடக் கூடாது. கோவில் மணி அடித்தால் கூடவே ஊளையிடும். தெருப் பெண்களுக்கு அது இப்போது பழகிவிட்டது. சித்திரை வெயிலை அது தாண்டும்போதுதான் முழு நம்பிக்கை வரும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

புதிதாக நாய் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016இல் மத்திய அரசு, வணிகத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கியும் இருந்தது. நம் பக்கத்திலேயே, கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் சுற்றுவட்டாரத்தில், வெயிலுக்கென்றே பிறந்த சிப்பிப்பாறையும் கன்னியும் இருக்கின்றன. ராஜபாளையத்துக்கு 2005இல் தபால் தலையே வந்துவிட்டது. ஓட வைக்க இடமும் நேரமும் உள்ளவர்கள் அவற்றைத் தேடிப் போகலாம்.

ஆனால் ஏற்கனவே வந்து சேர்ந்துவிட்ட ஹஸ்கியை என்ன செய்வது? அது விரும்பி வரவில்லை. பாண்டியன் லாயத்தில் நின்ற அரபுக் குதிரையும் விரும்பி வரவில்லை. கைவிடப்பட்ட ஒன்றை எடுத்து வளர்ப்பவர்கள் நல்ல காரியம்தான் செய்கிறார்கள். நாயை வீட்டுக்குள் கூட்டி வரும் அன்றே, அதைத் தெரிந்த ஒருவரையும் தேடிப் பிடித்துவிடுங்கள். மருத்துவரோ, முன்பு வளர்த்தவரோ, யாராக இருந்தாலும் சரி. காயல் துறையில் 220 தினார் கொடுத்தும் கிடைக்காத சரக்கு அது. இன்று ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கிறது.