துவராடை பூண்ட தூதர்

வட இந்தியாவில் நேபாள எல்லையை அடுத்த பிப்ரவா என்னும் ஊரில் 1898-ஆம் ஆண்டு பழந்தூபி ஒன்று அகழப்பெற்றது. எழுத்துப் பொறித்த கற்பேழையும், எலும்புத் துகள்களும், மணிகளும் வெளிப்பட்டன. அம்மணிகளுட் பல 2025-இல் இந்தியாவுக்கு மீண்டபோது, அகழ்ந்த ஆங்கிலேயரின் பெயர் மீண்டும் பேசப்பட்டது. அத்தூபியைக் காண அன்று இலங்கையிலிருந்து வந்த பிக்கு ஒருவரைப் பற்றியே நான் இங்குச் சொல்லப் போகிறேன்.

துறவுக்கு முன் அவர் இளவரசர் பிரிஸ்தாங். சயாம் மன்னர் மூன்றாம் இராமரின் பேரர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பொறியியல் பயின்று 1876-இல் தேறினார். ஐரோப்பாவில் நிலையாகத் தங்கிய சயாமின் முதல் தூதர் அவரே.

அந்நாளில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இருபுறமும் நெருங்கிக்கொண்டிருந்தனர். சயாம் பிழைக்க வழி யாது? 1885-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரிஸ்தாங் உட்படப் பதினொருவர் சுலாலங்கொர்ன் மன்னருக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தனர். அரசர் சட்டத்துக்கு உட்பட்டு ஆளவேண்டும், அமைச்சர் குழு பொறுப்பேற்க வேண்டும், சட்டத்தின்முன் குடிகள் யாவரும் சமம் ஆகவேண்டும் என்பன அதன் சாரம். வரம்பற்ற மன்னரிடம் இங்ஙனம் எழுதத் துணிவு வேண்டுமன்றோ? மன்னர் சினந்து தண்டித்தாரல்லர். ஆயினும் தூதர் தாயகத்துக்கு அழைக்கப்பட்டார்.

விண்ணப்பமே அவர் வாழ்வைக் கெடுத்தது என்று கூறுவர். எனக்கு அது முழுதும் ஒப்பவில்லை. அதே ஏட்டில் ஒப்பமிட்ட இளவரசர் நரேத் பின்னர் அமைச்சராகவே விளங்கினார். பிரிஸ்தாங்கோ அரசரின் நம்பிக்கையைச் சிறிது சிறிதாக இழந்தார். 1890-ஐ ஒட்டிப் பணியைத் துறந்து நாட்டை நீங்கி, மலாயாவில் ஆங்கில ஆட்சியின்கீழ் வேலை பார்த்தார். 1896-இல் இலங்கையில், வஸ்கடுவைச் சுபூதி தேரரிடம் துறவு பூண்டு ஜினவரவம்சர் ஆனார். பிற்காலத்தில் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் தீபதுத்தமாராம விகாரைக்குத் தலைவருமானார்.

இது துறவா, புகலிடமா? இரண்டுமே என்பேன். ஆனால் ஆடை மாறியும் தூதர் மாறவில்லை. பிப்ரவாவுக்குச் சென்ற அவர், பௌத்த நாடுகளுள் அரசுரிமையோடு எஞ்சிய சயாமின் மன்னரிடமே தாதுக்களை ஒப்படைக்கலாம். அவர் பிற பௌத்த நாடுகளுக்கும் பகிர்ந்தளிப்பார் என்று ஆங்கில அதிகாரிகளிடம் எடுத்துரைத்தார். எத்துணை நுட்பமான யோசனை! தன்னைக் கைவிட்ட மன்னருக்கே பெருமை தேடினார். அரசாங்கமும் இசைந்தது. 1899-இல் சயாமியத் தூதுக்குழு தாதுக்களைப் பெற்றுச் சென்றது. பர்மாவும் இலங்கையும் பங்கு பெற்றன.

தாதுக்கள் தாயகம் சென்றன, அவர் செல்லவில்லை. மன்னர் மறைந்தபின் 1911-இல் ஈமச்சடங்கின் பொருட்டுப் பாங்காக் திரும்பினார். ஆங்குத் துவராடையைக் களைய நேர்ந்தது. மீண்டும் பிக்குவாக இலங்கை வர இயலவில்லை. அதன்பின் இருபத்துநான்கு ஆண்டுகள், தாம் கேட்டுப் பெற்றுத் தந்த தாதுக்கள் வைத்த பொற்குன்றுத் தூபி நிமிர்ந்து நிற்கும் அந்நகரிலேயே, பதவியின்றி வறுமையில் வாழ்ந்து, 1935-இல் காலமானார்.