இலக்கியத் தாளை யார் திருத்துகிறார்கள்?

இங்கிலாந்தில் பள்ளித் தேர்வுகளைக் கண்காணிக்கும் ஆஃப்குவல் அமைப்பு 2018-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. மாணவருக்குக் கிடைத்த கிரேடும், மூத்த தேர்வாளர் திருத்தியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கிரேடும் ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? கணிதத்தில் 96 சதவீதம். ஆங்கில இலக்கியத்தில் 58 சதவீதம்தான். அங்கே பள்ளியின் கடைசித் தேர்வான ஏ-லெவல் கிரேடை வைத்துத்தான் பல்கலைக்கழக இடம். ஒரு கிரேடு இறங்கினால் இடமே கைவிட்டுப் போகலாம்.

இந்தப் பிரச்சினை ரொம்பப் பழசு. 1888-லேயே எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர், தேர்வு மதிப்பெண்ணில் எவ்வளவு தற்செயல் கலந்திருக்கிறது என்று புள்ளியியல் வழியில் எழுதினார். 1930களில் கார்னகி நிதியுதவியோடு பல நாடுகளில் தேர்வுகளைப் பற்றி ஆய்வு நடந்தது. இங்கிலாந்தில் அதை முன்னின்று நடத்தியவர் ஃபிலிப் ஹார்டாக். நம்ம ஊர்க் கல்வி வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்தான்: டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், 1929-இல் அறிக்கை தந்த ஹார்டாக் கமிட்டியின் தலைவர்.

ஹார்டாக்கும் ரோட்ஸும் செய்த சோதனை எளிமையானது. ஏற்கெனவே ஒரே மதிப்பெண் வாங்கியிருந்த 15 வரலாற்றுத் தாள்களை 15 தேர்வாளர்களிடம் கொடுத்தார்கள். மதிப்பெண்கள் 21-லிருந்து 70 வரை வந்தன. ஓராண்டுக்கு மேல் கழித்து, அவர்களில் 14 பேரிடம் அதே தாள்களைத் திரும்பக் கொடுத்தார்கள். 210 தீர்ப்புகளில் 92 மாறிவிட்டன! அடுத்தவரை விடுங்க, மனுஷன் தன்னோடயே ஒத்துப்போகலை.

இதே ஆய்வின் பிரெஞ்சுப் பகுதியில் லோஜியேவும் வைன்பெர்க்கும் இன்னொரு கணக்குப் போட்டார்கள். ஒரு தாளின் ‘உண்மையான’ மதிப்பெண்ணை எட்ட எத்தனை பேர் திருத்தி சராசரி எடுக்கணும்? கணிதத்துக்கு 13 பேர். பிரெஞ்சுக் கட்டுரைக்கு 78 பேர். எந்த அரசால் முடியும்?

சரி, வேறு என்ன செய்தார்கள்? முதல் வழி, ஆசிரியர்களை நம்புவது. 1970களின் பிற்பகுதியில் ஏஇபி என்ற தேர்வு வாரியம் ஏ-லெவல் இலக்கியத்தில் ஒரு மாற்றுப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. வருஷம் முழுக்க எழுதிய கட்டுரைகளுக்கும் மதிப்பெண் உண்டு. 1988-இல், பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வு தொடங்கியபோது, சில ஆங்கிலப் பாடத்திட்டங்களில் மொத்த மதிப்பெண்ணும் இப்படியே வந்தது. ஆசிரியர்கள் கூடி, ஒரே கட்டுரையைத் தனித்தனியாகத் திருத்தி, ஏன் வித்தியாசம் என்று பேசித் தீர்ப்பார்கள். வாரியமும் மாதிரிகளை வாங்கிச் சரிபார்க்கும். ஆனால் வீட்டில் யார் எழுதிக்கொடுத்தார்கள் என்ற சந்தேகம் தீரவில்லை. 1991-இல் பிரதமர் ஜான் மேஜர் இதைக் குறைக்கணும் என்றார். சில ஆண்டுகளில் குறைந்தது. இன்று ஏ-லெவல் இலக்கியத்தில் மிச்சம் 20 சதவீதம். ஜிசிஎஸ்இ இலக்கியத்தில் அதுவும் இல்லை.

இரண்டாவது வழி, தேர்வாளரைக் கட்டுக்குள் வைப்பது. இப்போது பல தாள்கள் கணினித் திரையில் திருத்தப்படுகின்றன. மூத்தவர்கள் ஏற்கெனவே மதிப்பெண் முடிவு செய்த தாள்களை நடுநடுவே சொல்லாமல் கலந்துவிடுவார்கள். அளவுக்கு மேல் விலகினால் அந்தத் தேர்வாளரை நிறுத்திவைப்பார்கள். மென்பொருள்காரனான எனக்கு இது பிடித்த ஏற்பாடுதான். கூடவே, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற ‘மதிப்பீட்டு நோக்கங்கள்’ பட்டியல் இருக்கிறது. ஏ-லெவல் இலக்கியத்தில் அவை ஐந்து. ஐந்தாவது என்ன தெரியுமா? ஒரு படைப்பை வேறு வேறு விதமாக வாசிக்க முடியும் என்று மாணவர் காட்டுவது. பல வாசிப்புகள் உண்டு என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் தருகிற அதே அமைப்பு, அந்த மாணவரின் தாளுக்கு ஒரே வாசிப்புதான் இருக்கணும் என்று எதிர்பார்க்கிறது.

2016-இல் மறுமதிப்பீட்டு விதி மாறியது. முதல் தேர்வாளர் கொடுத்தது நியாயமாகக் கொடுத்திருக்கக்கூடிய மதிப்பெண் என்றால், இரண்டாமவர் கூடுதலாகக் கொடுக்க நினைத்தாலும் மாற்றக்கூடாது. அதாவது, ஒரு தாளுக்கு நியாயமான மதிப்பெண்கள் பல இருக்கலாம் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. ஆனால் சான்றிதழில் ஒற்றை எழுத்துதான் வருகிறது.

என் கருத்து இதுதான். இலக்கியத்தில் இந்த வித்தியாசத்தைப் பூஜ்யமாக்க முயன்றால், கேள்வி சுருங்கி வாசிப்பே செத்துப்போகும். எனவே வித்தியாசத்தை வைத்துக்கொண்டே நேர்மையாக இருக்கலாம். விதியில் ஒப்புக்கொண்டதைச் சான்றிதழிலும் எழுதட்டும்: இந்தக் கிரேடு, ஒன்று மேலாகவோ கீழாகவோ இருந்திருக்கலாம். அதைப் பார்க்கும் பல்கலைக்கழகம், ஒரு கிரேடு குறைவுக்காகக் கதவைச் சாத்தும் முன் அந்தப் பிள்ளையின் கட்டுரை ஒன்றை வாங்கிப் படிக்கட்டும்.