முதல் சொல்லுக்குக் காத்திருந்த இயந்திரம்

குழந்தையின் முதல் சொல்லுக்காக ஒரு வீடே செவிசாய்த்துக் காத்திருக்கும். அச்சொல் பிறக்கும் நாளைப் பாட்டிமார் நெடுநாள் நினைவில் வைத்திருப்பர். ஆனால் அந்த நாள் வராத வீடுகளும் உண்டு. மூளை முடக்குவாதத்தாலோ, மதியிறுக்கத்தாலோ, அறிவு வளர்ச்சிக் குறைபாட்டாலோ வாய் திறவாத குழந்தையைக் கண்டு, 'இதற்கு ஒன்றும் விளங்காது' என்று உலகம் தீர்ப்பளித்துவிடும். பேசாமை அறியாமையே என்னும் இத்தீர்ப்பு தவறென்பதை உணர்த்தியவற்றுள் கணினியும் ஒன்று. அவ்வரலாறு அறியத்தக்கது.

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் ஓமர் கய்யாம் மூர் 'பேசும் தட்டச்சுப் பொறி'யைக் கொண்டு சிறுவர்க்கு எழுத்தறிவித்தார். குழந்தை ஓர் எழுத்தைத் தட்டினால் பொறி அதன் பெயரைச் சொல்லும். அதே பத்தாண்டில் ஸ்டான்ஃபோர்டில் மனநல மருத்துவர் கென்னத் கோல்பி, பேசாத குழந்தைகளைக் கணினியின் முன் அமர்த்தினார். விசையை அழுத்தினால் திரையில் எழுத்து தோன்றும், குரலும் ஒலிக்கும். குழந்தை தன் விருப்பம்போல் விளையாடலாம். சரி, தவறு என்று கடிந்துகொள்வார் எவருமில்லை. எனினும் அந்நாளையக் கணினிகள் வீடுகளை எட்டவில்லை.

1977இல் ஆப்பிள் 2 கணினி விற்பனைக்கு வந்தபின் நிலைமை மாறிற்று. 1982இல் வெர்மான்ட் மாநிலத்தில் மேரி ஸ்வீக் வில்சன், பெர்னார்ட் ஃபாக்ஸ் ஆகிய இருவரும் லாரியட் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் உருவாக்கிய 'ஃபர்ஸ்ட் வேர்ட்ஸ்' என்னும் மென்பொருள், குழந்தைகள் தொடக்கத்தில் கற்கும் 50 பெயர்ச்சொற்களைக் கற்பித்தது. திரையில் இரண்டு படங்கள் தோன்றும். செயற்கைக் குரல் ஒன்றின் பெயரைச் சொல்லும். குழந்தை அப்படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரல்கள் இயங்காத குழந்தைக்கு ஒரே ஒரு விசை போதும். அடையாளக் குறி படத்திற்குப் படம் மாறிச் செல்லும். உரிய படத்தில் நிற்கும்போது கையாலோ தலையாலோ விசையைத் தொட்டால் அதுவே விடை. நூறு முறை தவறினும் இயந்திரம் முகம் சுளிப்பதில்லை. வாய் பேசாத குழந்தையும் சொல்லின் பொருளை அறிந்திருக்கக்கூடும் என்பதைப் பெற்றோர் கண்ணாரக் காண இத்தகைய கருவிகள் வழிசெய்தன.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சிற்று. பந்தையும் காலணியையும் சுட்டிக்காட்டத் தெரிந்தால் போதுமா? 1973இல் உளவியலாளர் கேத்தரின் நெல்சன், 18 குழந்தைகளின் முதல் 50 சொற்களை ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றுள் ஏறத்தாழப் பாதியே பொதுப் பெயர்கள். ஏனையவற்றுள் உறவினரின் பெயர்களும், செயலைக் குறிப்பனவும், பிறரோடு உறவாடும் சொற்களும் இருந்தன. 'இது என்ன?' என்பதற்கு விடையளிக்கும் சொல் வேறு. 'வேண்டாம்', 'இன்னும்', 'வலிக்கிறது' என்று தன் உள்ளத்தைத் திறக்கும் சொல் வேறு. முன்னது பிறர் வைக்கும் தேர்வுக்குரியது. பின்னது குழந்தையின் உரிமை. இவ்வுண்மை உணரப்பட்டபோது, சொல் கற்பிக்கும் மென்பொருளோடு, குழந்தைக்காகப் பேசும் கருவிகளும் வளர்ந்தன.

இவ்வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. 1985இல் தொடங்கப்பெற்ற வித்யாசாகர் நிறுவனத்தின் துணையோடு, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' கருவி 2010இல் வெளிவந்தது. உடலின் சிறு அசைவைக் கொண்டே குழந்தை படங்களையும் சொற்களையும் தேர்ந்தெடுக்கும். கருவி அவற்றை உரக்கச் சொல்லும். பின்னர் அது கைக்கணினிச் செயலியாகவும் வளர்ந்து, தமிழிலும் பேசக் கற்றுக்கொண்டது. தாய்மொழியில் 'பசிக்குது அம்மா' என்று ஒலிப்பதற்கும், அயல்மொழிச் சொல்லொன்றை மனப்பாடமாக அழுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாயுள்ளம் அறியும்.

இயந்திரத்திடம் நாம் கற்கவேண்டியது அதன் வேகத்தையன்று, பொறுமையையே. ஆனால் பொறுமை மட்டும் அதற்குண்டு. மறுமொழி சொல்லும் உள்ளம் அதற்கில்லை. குழந்தை விசையை அழுத்தி 'வேண்டாம்' என்று சொன்னபின், அதை மதித்து உணவுக் கரண்டியை விலக்கும் கை மனிதருடையதே. அந்தக் கை விலகாவிடில், எத்தனை சொற்களைக் கற்பித்தும் பயன் என்ன?