வெளிக் களஞ்சியம் (லினக்ஸ்)

லினக்ஸ் வழங்கல் ஒன்றைப் பராமரிக்கும் குழுவைச் சேராத நிறுவனமோ தனி ஆளோ நடத்தும் மென்பொருள் கிடங்கு வெளிக் களஞ்சியம் எனப்படும். வழங்கலின் சொந்தக் களஞ்சியத்தில் இல்லாத பொதிகளையும், அங்கே இருந்தும் பழையதாகிவிட்ட பொதிகளையும் இதிலிருந்து நிறுவலாம்.

டெபியனின் நிலைப்பதிப்பு ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை வருகிறது. வந்தபின் அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் சேருமே தவிர, மென்பொருள்களின் புதிய பதிப்புகள் பெரும்பாலும் சேரா. சர்வர் நடத்துபவருக்கு இந்த அசையாமை பெரும் வசதி; புதிய கருவி தேவைப்படும் நிரலாளருக்கோ அதுவே தடை. கூகுள் குரோம் போன்றவை உரிமம் காரணமாக டெபியனில் இடம்பெறுவதில்லை. குரோமின் பொதியைத் தரவிறக்கி நிறுவினால், அதுவே கூகுளின் களஞ்சியத்தையும் கணினியில் பதிந்துவிடும். வெளிக் களஞ்சியம் வைத்திருப்பதை அறியாமலேயே அதை வைத்திருக்க நேர்வது இப்படித்தான்.

களஞ்சியத்தில் பொதிகளோடு அவற்றின் பட்டியலும், பட்டியலின் சரிபார்ப்புத் தொகையைத் தாங்கிய ஒரு கோப்பும் இருக்கும். அந்தக் கோப்பில் களஞ்சியக்காரர் தம் ரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறார். பயனரிடம் உள்ள பொதுச் சாவியைக் கொண்டு, டெபியனின் பொதி மேலாண்மைக் கருவியான ஆப்ட் முதலில் கையொப்பத்தையும், அதன்வழி பட்டியலையும், பட்டியல்வழி ஒவ்வொரு பொதியையும் சரிபார்க்கிறது. 2007இல் வெளியான டெபியன் 4.0 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. பொதி யாரிடமிருந்து வந்தது, வழியில் யாரும் கைவைத்தார்களா என்பதைக் கையொப்பம் காட்டிவிடும். உள்ளே இருப்பது நல்ல நிரலா என்று அதற்குத் தெரியாது. பொதியை நிறுவும்போது அதனுடன் வரும் சிறு நிரல்கள் ரூட் அதிகாரத்துடன் ஓடுகின்றன. ஆகவே ஒரு சாவியை ஏற்பது, அதை வைத்திருப்பவரிடம் முழுக் கணினியையும் ஒப்படைப்பதற்குச் சமம். அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அந்த ஒப்படைப்பு தொடர்கிறது. பயிற்சிக் குறிப்புகள் பலவும் சாவியை ஏற்பதை ஒரே வரிக் கட்டளையாகச் சுருக்கித் தருவது வருந்தத்தக்கது.

முன்பு சாவிகள் எல்லாம் ஒரே வளையத்தில் கிடந்தன. சிறிய களஞ்சியம் ஒன்றின் சாவியைச் சேர்த்தால், டெபியனின் சொந்தப் பட்டியலுக்கும் அந்தச் சாவியின் கையொப்பம் செல்லுபடியானது. இதனால்தான் ஆப்ட்-கீ என்ற கட்டளை கைவிடப்பட்டது. இப்போது ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் உரிய சாவியைத் தனிக் கோப்பில் வைத்து, களஞ்சியக் குறிப்பிலேயே அதைச் சுட்டுவது முறை. இதுவும் பாதிக் காப்புதான். வெளிக் களஞ்சியம் கணினியில் ஏற்கெனவே உள்ள ஒரு பொதியின் பெயரிலேயே உயர்ந்த பதிப்பெண்ணோடு வேறொன்றைத் தந்தால், ஆப்ட் அதையே எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்க முன்னுரிமை எண்கள் உள்ளன. களஞ்சியங்களுக்கு இயல்பான எண் 500; வெளிக் களஞ்சியத்துக்கு அதைவிடக் குறைவாகக் கொடுத்தால், பெயர் மோதும் இடங்களில் வழங்கலின் பொதியே வெல்லும்.

களஞ்சியத்தின் முகவரியும் கைமாறலாம். ஒளி, ஒலி மென்பொருள்களுக்காகப் பலரும் பயன்படுத்திய டெபியன்-மல்டிமீடியா 2012இல் பெயரை மாற்றிக்கொண்டது. பழைய வலைப்பெயர் காலாவதியாகி, முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போனது. அந்த வலைப்பெயர் உள்ள களஞ்சியக் குறிப்பைக் கணினியிலிருந்து நீக்கிவிடுமாறு 2013 ஜூனில் டெபியன் திட்டம் அறிவித்தது. பழைய சாவி இல்லாமல் புதியவரால் சரியான கையொப்பம் இட முடியாது. ஆனால் அன்றைய ஆப்ட் தந்த எச்சரிக்கையைப் படிக்காமல் ‘ஆம்’ என்று தட்டியவருக்கு அந்தக் காவல் பயன்பட்டிருக்காது.

உபுண்டுவில் பரவலானது பிபிஏ எனப்படும் தனியார் களஞ்சியம். லாஞ்ச்பேட் தளத்தில் கணக்குள்ள எவரும் ஒன்றைத் தொடங்கலாம். மூல நிரலை மட்டும் ஏற்றினால், பொதியைக் கட்டுவதும் கையொப்பமிடுவதும் லாஞ்ச்பேட்டின் வேலை; நிரலைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவோர் அங்கில்லை. உபுண்டுக்கான பிபிஏ-வை டெபியனில் சேர்ப்பது தவறு. நூலகப் பதிப்புகள் பொருந்தாமல் சார்புகள் முறியும்.

ஃபெடோராவில் பரவலான வெளிக் களஞ்சியம் ஆர்பிஎம் ஃபியூஷன். ஆர்ச் பயனர்களின் ஏயூஆரில் பொதிகளுக்குப் பதிலாக அவற்றைக் கட்டும் செய்முறைக் கோப்புகளே இருக்கின்றன. 2018 ஜூலையில் அங்கு உரியவரின்றிக் கிடந்த அக்ரோரீட் பொதியை ஒருவர் ஏற்றுத் தீங்கு நிரலைச் சேர்த்தார். விரைவில் அது கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது.

களஞ்சியக் குறிப்பை அழித்தாலும் அதிலிருந்து வந்த பொதிகள் கணினியிலேயே தங்கும், புதுப்பிப்பு மட்டும் நின்றுபோகும். உபுண்டுவைப் பதிப்பு உயர்த்தும்போது வெளிக் களஞ்சியங்கள் முடக்கப்படுவதால் அப்போதும் இதே நிலைதான். பிபிஏ-வைப் பொறுத்தவரை, பிபிஏ-பர்ஜ் என்ற கருவி அதை நீக்குவதோடு, அதன் பொதிகளை உபுண்டுவின் பதிப்புக்கே திருப்பிவிடும்.