தூக்குக்குண்டை நம்பிய ரோம்

பிரான்சின் நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த ரோமானியக் கால்வாய் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுடையது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே மட்டம் இறங்குவதோ சுமார் 12 மீட்டர்தான். கிலோமீட்டருக்குக் கால் மீட்டர். இவ்வளவு துல்லியத்துக்கு அபாரமான கருவிகள் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், 1912இல் பொம்பெயில் ஒரு பட்டறையைத் தோண்டியபோது கிடைத்த குரோமா என்ற நில அளவைக் கருவியின் அமைப்பு மிக எளியது. கம்பத்தின் மேல் ஒரு சிலுவை, அதன் நான்கு கைகளின் நுனியிலும் தூக்குக்குண்டுகள். எதிரெதிரே தொங்கும் இரு நூல்கள் ஒன்றையொன்று மறைக்கும்படி பார்த்தால் நேர்கோடு கிடைக்கும்; மற்ற இரண்டு நூல்கள் அதற்குச் செங்கோணமான கோட்டைத் தரும். இதைக் கொண்டும் பத்தடிக் கோலைக் கொண்டும்தான் 2,400 அடிப் பக்கமுள்ள சதுரங்களாக நிலத்தைப் பிரித்தார்கள். இத்தாலியின் போ சமவெளியில் அந்தக் கோடுகள் வயல் வரப்புகளாகவும் சாலைகளாகவும் இன்றும் தெரிகின்றன. ஆகவே துல்லியம் கருவியில் குடியிருக்கவில்லை, அளந்தவரின் ஒழுங்கில் இருந்தது என்றே கருதுகிறேன்.

இதற்கு மறுப்பு உண்டு. காற்றடித்தால் குரோமாவின் நூல்கள் ஆடும் என்று அலெக்சாந்திரியாவின் ஹீரோனே குறைசொன்னார். டயாப்ட்ரா என்ற நுட்பமான கருவியை அவர் விவரித்திருக்கிறார். ஆனால் ஹீரோனுக்கு முன்பே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், மட்டம் பார்க்க டயாப்ட்ரா ஏமாற்றிவிடும் என்று எழுதி, கொரோபாட்டீஸை முன்வைத்தார். அது 20 அடி நீளப் பலகை. அதிலும் தூக்குக்குண்டுகள்தாம்; காற்றடித்தால் மட்டம் பார்க்க, மேலே ஐந்தடி நீளத்தில் தண்ணீர் ஊற்றும் பள்ளம். நில அளவையாளர் ஃபாஸ்டஸின் கல்லறைக் கல்லில் செதுக்கப்பட்டிருப்பதும் குரோமாதான். நுட்பக் கருவிகள் அழிந்துபோயிருக்கலாமே என்றால், எந்தக் கருவியானாலும் மலைமேடு கடந்து அடுத்தடுத்து வைத்து அளக்கும்போது சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே வரும். திரும்ப அளந்து சரிபார்ப்பதைத் தவிர அதற்கு வழியில்லை.

அந்தச் சரிபார்ப்பு தவறினால் என்னவாகும் என்பதற்கு இன்றைய அல்ஜீரியாவின் சால்டே நகரத் தண்ணீர்ச் சுரங்கமே சாட்சி. மட்டம் பார்க்கும் நோனியஸ் டாட்டஸ் மலைமேல் சுரங்கத்தின் நேர்கோட்டைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இரு பக்கமும் தோண்டியவர்கள் அவரவர் வலப்பக்கமாக விலகினார்கள். இரு துண்டுகளின் நீளத்தையும் கூட்டினால் மலையின் அகலத்தையே தாண்டியது, சுரங்கங்களோ சந்திக்கவில்லை. கி.பி. 152 வாக்கில் டாட்டஸை மறுபடி அழைத்தார்கள். வழியில் கொள்ளையரிடம் அடிபட்டும் அவர் வந்துசேர்ந்து பிழையைக் கண்டறிந்தார். வேலையாட்களை இரு அணிகளாகப் பிரித்துத் தோண்டவைத்தார். சுரங்கங்கள் சந்தித்தன, தண்ணீரும் வந்தது.